அடைப்பு வரட்டும் என்று காத்திருக்கிறோம்

போன ஆடியில் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூலாக வரத் தொடங்கியது. பிளம்பர் வந்து சுவரைக் கொத்தி, இருபது வருடத்து ஜி.ஐ. பைப்பை அறுத்து எடுத்தார். முக்கால் அங்குல பைப். உள்ளே காவி நிறத்தில் உப்பு அடை அடையாகப் படிந்து, நடுவில் பென்சில் நுழையும் ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது. “போர் தண்ணி சார், இப்படித்தான் ஆகும்” என்றார். அந்தத் துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்த மாமா சொன்னார்: “என் நெஞ்சுலயும் இப்படித்தான் இருக்குன்னு டாக்டர் காட்டினாரு மாப்ளே.”

மாமாவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று போய், ஆஞ்சியோ எடுத்து, இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர். அவர் மனத்தில் இருக்கும் படம்தான் நம்மில் பெரும்பாலோர் மனத்திலும் இருக்கிறது. ரத்தக் குழாய் என்பது ஒரு பைப். கொழுப்பு என்பது அதில் படியும் உப்பு. அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம். இந்தப் படம் தப்பு. வெறும் தப்பாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால், பைப் என்று நினைக்கிற பொருளை அது அடைக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பணமும் பயமும் அடைப்பு என்கிற கடைசிக் காட்சியில் போய்க் குவிவதும், அதற்கு முந்தைய முப்பது வருடத்தை யாரும் கேட்பார் இல்லாமல் போவதும் இந்தப் படத்தால்தான்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். இதயம் தள்ளிவிட்ட ரத்தம் வந்து விரலில் இடிப்பதாகத் தோன்றும். ரத்தத்துக்கு அத்தனை வேகம் கிடையாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலேயே அது வேகமாகப் பாயும்போது நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான் ஓடுகிறது. விரலில் தட்டுவது, சுவரில் ஓடிவரும் அலை. துணி உலர்த்தும் கொடியை ஒரு முனையில் சுண்டினால் மறுமுனை அதிர்கிறதே, அதுபோல. இளைஞரின் பெருந்தமனியில் இந்த அலை நொடிக்கு ஐந்தாறு மீட்டர் போகும். வயதும் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து சுவரை விறைக்கவைத்துவிட்டால் பத்து மீட்டரைத் தாண்டும். இழுத்துக் கட்டிய கொடியில் அலை வேகமாகத்தானே போகும்?

சுவர் ஏன் விரிந்து சுருங்க வேண்டும்? இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. தள்ளும் நேரம் கொஞ்சம், ஓய்வு நேரம் அதிகம். தமனி இரும்புக் குழாயாக இருந்தால் ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சும், இடைவெளியில் நின்றுபோகும். பெருந்தமனி அப்படி விடுவதில்லை. வந்த ரத்தத்தில் ஏறக்குறைய பாதியைத் தன் விரிவில் வாங்கி வைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும்போது தானே சுருங்கி முன்னே தள்ளுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தான் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. இதயத்துக்குச் சோறு போடுவது பெருந்தமனியின் இந்தச் சுருக்கம்தான்.

இப்போது வீட்டுப் பெரியவர்களின் பிரஷர் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே 170, கீழே 70 என்று இருக்கும். “வயசு கூட நூறு, எழுபது வயசுக்கு நூத்தி எழுபது சரிதான்” என்று ஒரு கணக்கைச் சொல்லி மடித்து வைத்துவிடுவோம். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளி, விரிந்து கொடுக்கும் குணத்தைத் தமனி இழந்துவிட்டது என்பதற்கான வாக்குமூலம். மேல் எண் ஏறியதால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அடி. கீழ் எண் இறங்கியதால் இதயத்துக்குப் பட்டினி. வயதோடு நூறைக் கூட்டும் கணக்கை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களால் பக்கவாதத்தில் விழுந்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது.

தமனியின் உள்சுவரில் ஓர் உயிரணு அளவே தடிமன் உள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெகுகாலம் அதைச் சுவருக்கு ஒட்டிய வால்பேப்பர் போலத்தான் மருத்துவம் நினைத்திருந்தது. 1978-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவரின் ஆய்வகத்தில், உதவியாளர் ஒருவர் சொன்ன வரிசைப்படி சோதனையைச் செய்யாமல் விட்டுவிட்டார். முயலின் பெருந்தமனித் துண்டு, வழக்கமாகச் சுருங்க வேண்டிய மருந்துக்கு அன்றைக்குத் தளர்ந்து கொடுத்தது. திட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்லியிருக்கலாம். ஃபர்ச்காட் ஏன் என்று கேட்டார். இத்தனை நாளும் தமனியை வெட்டி எடுக்கும்போது உள்படலம் தேய்ந்து உரிந்துபோய்க்கொண்டிருந்தது. உரியாத துண்டுதான் தளர்ந்தது என்று தெரிந்தது. தேய்த்து எடுத்தால் சுருங்கும், இருந்தால் தளரும். 1980-இல் ஆய்வு வெளியானது. அந்தப் படலம் எதையோ சுரந்து, சுவரின் தசையைத் தளர்த்துகிறது. அந்த ‘எதையோ’ என்பது நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயு என்று தெளிவாக இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. வாகனப் புகையில் நாம் சபிக்கிற அதே வாயு. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையின் நைட்ரோகிளிசரின் வேலை செய்வதும் இந்த வாயு வழியாகத்தான். அதே நைட்ரோகிளிசரினில் டைனமைட் செய்து பணம் பண்ணியவர் ஆல்ஃபிரட் நோபல். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கும் மருத்துவர்கள் அதையே எழுதிக் கொடுத்தார்கள்; விதியின் விளையாட்டு என்று அவர் நண்பருக்கு எழுதினார். 1896-இல் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அவரைக் கொண்டுபோனதும் ஒரு தமனிதான்.

நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி இந்தப் படலத்தை உரசுகிறது, உரச உரச அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது, தமனி நெகிழ்கிறது. நடைப்பயிற்சி நல்லது என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் இது. பீடியும் சிகரெட்டும் தாக்குவதும் இந்தப் படலத்தைத்தான், பற்றவைத்த சில நிமிடங்களிலேயே. ஆண்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கையறையில் தளர்ச்சி ஏற்பட்டால் லாட்ஜ் வைத்தியரிடம் ரகசியமாகப் போகிறார்கள். அங்குள்ள தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. படலம் பழுதாவது பல நேரம் அங்கேதான் முதலில், இதயம் சொல்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே தெரியும். அந்த வெட்கத்தை விட்டு ஒரு தடவை பிரஷரும் சர்க்கரையும் பார்த்திருந்தால் தப்பித்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேரோ.

மாமாவின் பைப்புக்கு வருவோம். போர் தண்ணீர் உப்பு, பைப்பின் உள்பரப்பில் மேலே மேலே ஒட்டுகிறது. தமனியில் கொழுப்பு அப்படி ஒட்டுவதில்லை. பழுதான படலத்தின் இடுக்கு வழியாகக் கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்க வெள்ளையணுக்கள் உள்ளே போகின்றன; விழுங்கிப் பெருத்து அங்கேயே சாகின்றன. அந்தக் குப்பையின்மேல் சுவரின் தசை ஒரு மூடி போடுகிறது. ஆக, இது சுவருக்குள் புதைந்த கட்டி; சீழ்க்கட்டிக்கு நெருங்கிய உறவு. சுவரும் சும்மா இருப்பதில்லை. கட்டி வளர வளர, வெளிப்பக்கமாக விரிந்து ரத்தம் போகும் பாதையைக் காப்பாற்றிக்கொண்டே வருகிறது. சுவர் வட்டத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தைக் கட்டி தின்ற பிறகுதான் பாதை குறுகவே தொடங்குகிறது என்று 1987-இல் சீமோர் கிளாகாவ் என்ற நோய்க்கூறு அறிஞர் காட்டினார். ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் பாதையின் நிழல் மட்டுமே. பாதை அகலமாக இருந்தால் படம் சுத்தமாக இருக்கும்; சுவர் அழுகியிருக்கலாம். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் முந்நூறு பேரின் இதயங்களை 1953-இல் அறுத்துப் பார்த்தபோது, சராசரி 22 வயதுடைய அந்தப் பையன்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் தமனிச் சுவரில் கோளாறு தொடங்கியிருந்தது. ஒருவருக்கும் நெஞ்சு வலித்ததில்லை.

மாரடைப்பு என்பது, அந்த மூடி கிழிவது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து நிமிடங்களில் பாதையை அடைத்துவிடும். மூடி தடிமனாக உள்ள எண்பது சதவீத அடைப்பு ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும். மூடி மெலிந்த முப்பது நாற்பது சதவீதக் கட்டி ஒரு மாலையில் கிழியும். “போன மாசம்தான் செக்கப் பண்ணினார், எல்லாம் நார்மல்னு சொன்னாங்க” என்று சாவு வீட்டில் கேட்கிறோமே, அதன் விளக்கம் இதில் இருக்கிறது.

மாமாவை அழைத்துப்போன தனியார் மருத்துவமனையின் பெயர் வேண்டாம். திரையில் கறுப்பு வெள்ளையில் இதயம் துடிக்கிறது. சாயம் ஓடும் தமனி ஒன்று, ஓரிடத்தில் மணற்கடிகாரம்போல் இடுப்பு சிறுத்துத் தெரிகிறது. “எழுபத்தஞ்சு பர்சன்ட். டைம் பாம் மாதிரி சார் இது” என்றார் அங்கிருந்தவர். அத்தை கையெழுத்துப் போட அரை மணி நேரம் ஆகவில்லை. மாமாவுக்கு வந்தது மாரடைப்பு கிடையாது. ஆறு மாதமாக ஒரே அளவில், படி ஏறினால் மட்டும் வரும் வலி. இத்தகைய நிலையான நெஞ்சுவலிக்காரர்களிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2007-இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில் 2,287 பேர்; 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 பேர். ஒழுங்கான மாத்திரைகள் மட்டும் ஒரு பக்கம், மாத்திரையோடு ஸ்டென்ட் போன்ற சிகிச்சை மறு பக்கம். சாவிலும் மாரடைப்பிலும் இரு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி குறைவதில் ஸ்டென்ட் பக்கம் மேல். அதை மறைக்கக் கூடாது. மாமாவுக்கும் வலி போனது, இப்போது இரண்டு மாடி ஏறுகிறார். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும் வேலை. அங்கே ஒவ்வொரு நிமிடமும் தசை. முக்கிய இடதுத் தமனியில் அடைப்பு, இதயத்தின் தள்ளும் திறன் குறைந்துவிட்ட நிலை ஆகியவற்றுக்கும் இந்த முடிவு பொருந்தாது. ஆனால் ‘டைம் பாமை அகற்றினோம்’ என்று சொல்லி நிலையான வலிக்காரருக்கு அன்றே கையெழுத்து வாங்குவதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. இரண்டு இடத்தில் கம்பிவலை வைக்கலாம். மீதமுள்ள அத்தனை மீட்டர் சுவருக்கு யார் பொறுப்பு?

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய் என்று ஆனது. நாடே பேசியது, நல்ல வேலைதான். அதில் நூற்றில் ஒரு பங்குப் பேச்சாவது பிரஷர் மாத்திரையைப் பற்றி நடந்ததா? மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழாம் வரியில் சின்ன எழுத்தில் ‘168/96’ என்று இருந்தது. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை. அவருக்குப் பத்து ஆண்டாகப் பிரஷர். தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் பிரஷர் 186/108. அவருடைய சொந்த மருத்துவர் ஊருக்கெல்லாம் அதிபர் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது அளந்தது 300/190. உலகிலேயே நல்ல வைத்தியம் கிடைக்கக்கூடிய மனிதருக்குக் கொடுக்க அன்றைக்கு உருப்படியான மாத்திரை கிடையாது. அவர் சாவுக்கு மூன்று ஆண்டு கழித்து, மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்காம் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு தொடங்கியது. பிரஷர், புகை, கொலஸ்ட்ரால் என்று நாம் இன்று ஒப்பிக்கும் பட்டியல் பெரிதும் அங்கிருந்து வந்ததுதான். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று ஒரு டீ விலைக்கும் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே வேண்டாம்.

அப்படியிருந்தும், 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள், இந்த மாநிலத்தின் தமனிகளுக்கு ஸ்டென்ட் வைக்கும் எந்தக் கேத் லேபையும்விட அதிகம் செய்யக்கூடியவர்கள் என்பது என் எண்ணம். ஒரு குறை உண்டு. எத்தனை லட்சம் பேரைத் தேடிப் போனோம் என்பதைத்தான் அரசு விளம்பரம் செய்கிறது. எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இறங்கியது என்பதல்லவா கணக்கு? அந்த ஓர் எண்ணை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் மாதாமாதம் கரும்பலகையில் எழுதி வைக்கட்டும்.

அளப்பதே ஒழுங்காக நடப்பதில்லை என்பது தனிக் கதை. வெயிலில் நடந்து வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கை தொங்க, “சாப்டீங்களா, பையன் எங்க இருக்கான்” என்று பேசிக்கொண்டே காற்றடித்தால் வரும் எண் யாருடையது? ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், பட்டை வெறும் தோலில் சுற்ற வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால்கூட எண் ஏறும். பேசக் கூடாது, நம் ஊரில் கஷ்டமான நிபந்தனை இதுதான்.

மாத்திரையை நிறுத்துவதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்களுக்கு டாக்டர்கள் காது கொடுப்பதில்லை. நோயாளிகள் “பழகிடும்” என்பார்கள். “கால் வீங்குது” என்பார்கள்; உண்மை, அம்லோடிபினுக்குச் சிலருக்குக் கால் வீங்கும். எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல் வரும். மாற்றுவதற்கு வேறு மாத்திரை இருக்கிறது, நிறுத்தத் தேவையில்லை என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காதபோதுதான் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் காய்ச்சிய கஷாயம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது: ‘பைபாஸே வேண்டாம், அடைப்பு கரைந்துவிடும்’. மறுபடியும் பைப் கணக்கு. சுவருக்குள் புதைந்ததை வயிற்றில் ஊற்றும் வினிகர் எப்படிப் போய்க் கரைக்கும்? கட்டியின் மூடியை உறுதியாக்கி, கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுக்கும் சமையலறைப் பூர்வீகம் உண்டு என்பது வேறு விஷயம். ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து 1973-இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தது, கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த பூஞ்சணத்திலிருந்து.

உப்பைச் சொல்லாமல் முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மாலையில் மிக்சர் என்று வாழும் வீட்டில் அந்தக் கரண்டி மதியத்துக்குள் காலி. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு: அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரிடம், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இந்த உப்பு ஆகாது, டாக்டரைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2014-இல் அரசின் உப்பு நிறுவனம் அம்மா உப்பு என்று மூன்று வகை கொண்டுவந்தபோது அதில் சோடியம் குறைத்த உப்பும் ஒன்று. சாதா அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், சோடியம் குறைத்தது 21 ரூபாய். இரண்டு மடங்கு விலை வைத்துவிட்டு ஏழை வீட்டில் எதை வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தோம்? ரேஷனில் அரிசியைச் சும்மா கொடுக்கிற அரசுக்கு அந்தப் பதினொரு ரூபாயை ஏற்றுக்கொள்வது பெரிய காரியமா?

52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் சொன்னது, ஒன்பதே காரணிகள் மாரடைப்பு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று. நம் பகுதி மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஆறு ஆண்டு முந்தி வருகிறது என்பதும் அதில் தெரிந்ததுதான். பரம்பரை என்று தலையில் கை வைக்கத் தேவையில்லாத அளவுக்கு அந்தப் பட்டியல் சாதாரணமானது.

மாமா இப்போது மாத்திரைகளை விடாமல் போடுகிறார். காலையில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பிரஷர் எண்ணை எழுதி ஒரு கிளிப்பில் சேர்த்து வைக்கிறார். போன வாரத் தாள்களில் 132, 128, 138. கோயில் திருவிழாவுக்கு மறுநாள் 150. “புளியோதரை” என்று பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். அந்த ஜி.ஐ. பைப் துண்டைப் பிளம்பரிடம் கேட்டு வாங்கி ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, “இதான் என் ரத்தக் குழாய்” என்கிறார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். நேற்றுப் போயிருந்தபோது மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். “நாலு நாளைக்குத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமை வந்துடும்ல?” என்று கேட்டார்.